நாலு ஊசியில் திண்டுக்கல்!

திண்டுக்கல்லில் கால் வைத்த முதல் நாளே என்னை ஓடி வந்து வரவேற்ற ஜீவன் ஒன்றே ஒன்றுதான். வந்த வேகத்தில் காலைப் பிடித்துக்கொண்டது. மரியாதைக்காக அல்ல. பல்லால்!

ஆடிட் வேலைக்காக ஒரு மாதம் அந்த ஊரில் டேரா போடும்படி ஆபீஸ் உத்தரவு. காமராஜர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பெட்டியும் கையுமாக லாட்ஜ் தேடி நடந்தேன். ஊருக்கு நடுவே ஒரு மொட்டைப் பாறை, அதன் தலையில் ஒரு கோட்டை. எந்தத் தெருவில் திரும்பினாலும் அந்தப் பாறை கூடவே வந்தது. அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு போனவன், டீக்கடை நிழலில் படுத்திருந்த செவலை நாயின் வாலைக் கவனிக்கவில்லை. மிதித்தேன். அது தன் கடமையைச் செய்தது. கணுக்காலுக்கு மேலே இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது.

டீக்கடையில் உடனே ஒரு நிபுணர் குழு கூடிவிட்டது. "சுண்ணாம்பு வைங்க சார்" என்றார் ஒருவர். "காப்பித்தூள்தான் கேக்கும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மந்திரித்த தண்ணீர் தருபவரின் விலாசமே சொன்னார். எனக்குக் கல்லூரி நண்பன் ஞாபகம் வந்தது. திண்டுக்கல்காரன். வெளியூரில் ஒரு வைரஸ் லேப்பில் வேலை. தங்கை கல்யாணத்துக்காக ஊருக்கு வரப்போவதாகச் சொல்லியிருந்தான். போன் போட்டுப் புலம்பினேன்.

"மாப்ளே, முதல்ல வாயை மூடு. குழாயைத் திற" என்றான். "சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம். அந்த வைரஸுக்கு மேல கொழுப்புல ஒரு சட்டை இருக்கு. சோப்பு அதைக் கரைச்சிடும். கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி."

பதினைந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று, காலைக் குழாயடியில் நீட்டிக்கொண்டு நின்றால்தான் தெரியும். கடைக்காரரின் புது சோப்பு பாதியாகிவிட்டது. பாவம், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது எனக்கு வலி பெரிதாக இல்லை. பயம்தான் பெரிதாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

1989-ல் எங்கள் ஊர் மாவு மில்லில் ஒரு அண்ணன் வேலை பார்த்தார். தலையெல்லாம் மாவு படிந்து, சின்னப் பையன்களான எங்களைப் பார்த்தால் தும்முவது போல நடித்துச் சிரிக்க வைப்பார். அவரை நாய் கடித்தது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார்கள். ஐந்து போட்டுக்கொண்டார். வயிறு வீங்கி, வலி தாங்காமல், "கடிச்ச இடம்தான் ஆறிடுச்சே" என்று நிறுத்திவிட்டார். ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள், அவர் வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர்ச் செம்பு உருண்டு வாசலுக்கு வந்தது. அடுத்து அவர் அலறிய சத்தம். எங்களை அங்கே நிற்க விடாமல் பெரியவர்கள் விரட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. வெறிநாய்க்கடி நோய்க்கு அறிகுறி தெரிந்துவிட்டால், அநேகமாகத் திரும்பி வர வழியே கிடையாது. இன்றைக்கும் நிலைமை அதுதான்.

"தொப்புளா?" என்று சிரித்தார் சிஸ்டர். "அதெல்லாம் எந்தக் காலம் தம்பி! சட்டைக் கையை மடிங்க."

இரண்டு தோளிலும் தோலுக்குள் ஒவ்வொரு சின்னக் குத்து. 0.1 மில்லி. எறும்பு கடித்த மாதிரி. காயத்தைச் சுற்றிப் போட்ட இன்னொரு மருந்துதான் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. அது ரெடிமேட் எதிர்ப்பொருள். உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும் வரைக்கும் காவலுக்கு. கையில் ஓர் அட்டை கொடுத்தார்கள். 0, 3, 7, 28. பூஜ்யத்தில் ஆரம்பிக்கும் பதிவேட்டை ஆடிட்டர் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நாயைப் பத்து நாள் கவனிங்க. பத்து நாளும் நல்லா இருந்தா அதுக்கு நோய் இல்லை" என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த டீக்கடைக்குப் போய், நாய்க்கு பன் வாங்கிப் போட்டு, உடல்நலம் விசாரிப்பது என் அலுவல்களில் ஒன்றாகிவிட்டது.

மூன்றாம் நாள் ஊசி முடிந்ததும், ஊருக்கு வந்திருந்த நண்பன் என்னைக் கோட்டைக்கு இழுத்துப் போனான். பாறையில் வெட்டிய படிகளில் மூச்சு வாங்க ஏறினோம். 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்ட ஆரம்பித்த கோட்டை. 1755-ல் ஹைதர் அலி இங்கே படைத்தலைவராக வந்து உட்கார்ந்துதான் பிறகு மைசூரையே பிடித்தார். மேலே நின்றால் ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர், நடுவே வெயிலில் காயும் சமவெளி. கீழே சாலை ரோடு தெரிந்தது. (ஆமாம், சாலை என்றால் ரோடு, ரோடு என்றால் சாலை. ஊர்க்காரர்கள் எதையும் இரண்டு தடவை உறுதி செய்துகொள்கிறவர்கள்!)

மதில் நிழலில் உட்கார்ந்ததும் கேட்டேன். "ஊசிக்குள்ள என்னடா இருக்கு?"

"செத்த வைரஸ். இந்தக் கோட்டைக் காவல்காரனுங்ககிட்ட எதிரியோட பிணத்தைக் காட்டி, 'இந்த மூஞ்சியை ஞாபகம் வெச்சுக்கோ'ன்னு சொல்ற மாதிரி."

"செத்துப்போச்சுன்னு எப்படித் தெரியும்? யார் நாடி பிடிச்சுப் பார்த்தது?"

"செல்லு."

"செல்போனா?"

அவன் என்னைப் பார்த்த பார்வைக்கு அந்த நாய் எவ்வளவோ தேவலை. பிறகு பொறுமையாகச் சொன்னான்.

வைரஸ் தன்னந்தனியாகப் பெருகாது. அதற்கு உயிருள்ள ஒரு செல் வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு ஆடு வேண்டியிருந்தது. 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற டாக்டர் கண்டுபிடித்த முறைப்படி, செம்மறியாட்டின் மூளையில் வைரஸை வளர்த்து, ஃபீனால் ஊற்றிக் கொன்று, அந்த மூளைக் கரைசலைத்தான் வயிற்றில் போட்டார்கள். கூடவே வந்த ஆட்டு மூளைச் சத்து சில பேருக்கு நரம்புத் தளர்ச்சியையும் பக்கவாதத்தையும் கொடுத்தது. இந்தியாவில் அந்த ஊசி 2004-ஆம் ஆண்டோடுதான் விடைபெற்றது.

நம் குன்னூரிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் அங்கே நாய்க்கடிக்குப் பலியானார். அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையின் துணையோடு, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். பல்லாண்டு காலம் ஆட்டு மூளை மருந்து தயாரித்த அதே நிலையம், பிற்பாடு செல்லில் வளர்த்த மருந்துக்கு மாறியது.

"சரி, செல்லை எங்கே வளர்க்கிறது?"

"பாட்டில்ல. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையா ஒரு பிளாஸ்டிக் பாட்டில். படுக்க வெச்சு, ரோஸ் மில்க் கலர்ல தீனித் தண்ணி ஊத்தணும். நம்ம உடம்புச் சூடு, 37 டிகிரி. செல்லுங்க தரையில ஒட்டிக்கிட்டு, ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, கல்லு பாவின மாதிரி ஒரே வரிசையாப் பரவும். தண்ணி மஞ்சளாச்சுன்னா புளிச்சுப்போச்சுன்னு அர்த்தம். மாத்தணும். ஒரு துளி பூஞ்சை விழுந்தா மொத்தமும் குப்பை. ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாது. மாடு வெச்சிருக்கிறவனும் செல் வளர்க்கிறவனும் நிம்மதியா ஊருக்குப் போக முடியாது மாப்ளே!"

என் தோளில் ஏறிய மருந்து வளர்ந்தது 'வீரோ' என்ற செல் வகையில். 1962-ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யசுமுரா என்பவர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. எஸ்பெராண்டோ மொழியில் 'பச்சைச் சிறுநீரகம்' என்பதன் சுருக்கம் அந்தப் பெயர். அதே மொழியில் 'உண்மை' என்றும் அர்த்தமாம். அந்தக் குரங்கு போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதன் செல்களோ உலகம் முழுக்க பாட்டில்களில் இன்னமும் பெருகிக்கொண்டிருக்கின்றன.

"அதுல வைரஸை வளர்த்து, ரசாயனம் போட்டுக் கொன்னுடுவோம். அப்புறம்தான் உன் கேள்வி. நிஜமா செத்துச்சா? குறைஞ்சது இருபத்தஞ்சு டோஸுக்குச் சமமான அளவை எடுத்து, புத்தம்புது செல் மேல ஊத்தி 21 நாள் காத்திருக்கணும். அதுல உயிரோட ஏதாவது தப்பிச்சிருந்தா, செல்லுக்குள்ள புகுந்து பெருகிடும். ரேபிஸ் புகுந்த செல் வெளிப்பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும். அதனால, வைரஸ் இருக்கிற இடத்துல மட்டும் ஒட்டிக்கிட்டுப் பச்சையா ஒளிர்ற ஒரு சாயத்தைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பொட்டு பச்சை தெரிஞ்சாலும் அந்த மருந்து வெளியே போகாது."

எங்கோ ஒரு பாட்டிலில் 21 நாள் யாரோ காத்திருந்த பிறகுதான் அது என் தோளுக்கு வந்திருக்கிறது. தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலை. பன் வாங்கிக்கொண்டு போனால்... நாயைக் காணோம்! டீக்கடையும் பூட்டிக் கிடந்தது. மகள் கல்யாணத்துக்காகக் கடைக்காரர் சொந்த ஊர் போய்விட்டாராம். தெருத் தெருவாகத் தேடினேன். "செவலை நாய் சார், இடது காது மடிஞ்சிருக்கும்" என்று நான் விசாரித்த விதத்தில், ஏதோ பணக்கார வீட்டு நாயைத் தொலைத்துவிட்டேன் என்றே பலர் நினைத்திருப்பார்கள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. தாகம் எடுத்தது. டம்ளரைத் தூக்கி, தண்ணீரைப் பார்த்தால் பயம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. மாவு மில் அண்ணன் முகம்தான் வந்தது.

ஏழாம் நாள் ஊசி முடிந்ததும் நண்பன் சொன்னான். "வாலை மிதிச்சா நல்ல நாயும் கடிக்கும். ஆனா அதை நம்பி உக்காரக் கூடாது. வா, மனசு மாறட்டும்."

பூட்டுப் பட்டறைக்குப் போனோம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. ஆனால் இயந்திரத்தில் செய்து மலிவாக வந்து குவியும் அலிகார் பூட்டுகளோடு மல்லுக்கட்டி, பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. வெற்றுடம்பில் இரும்புத்தூள் மினுக்க, ஒரு பெரியவர் அரத்தால் சாவியை ராவிக்கொண்டிருந்தார்.

"பூட்டு சரியா இருக்கான்னு எப்படிய்யா பார்ப்பீங்க?" என்று கேட்டேன். ஆடிட்டர் புத்தி!

"அதோட சாவி திறக்குதான்னு பார்க்கிறது பாதிச் சோதனை தம்பி. மத்த சாவி ஒண்ணும் திறக்கலைன்னு பார்க்கிறதுதான் மீதி" என்றார், கொத்துச் சாவியை ஆட்டிக் காட்டி.

நண்பன் துள்ளிக் குதித்தான். "ஐயா சொன்னதுதான்டா எங்க லேப்!"

அந்தப் பட்டறைத் திண்ணையிலேயே எனக்குப் பாடம் நடந்தது. செல்லின் மேல்புறத்தில் பூட்டு மாதிரி ஓர் இடம் இருக்கிறது. வைரஸின் முள், அதற்குப் பொருந்துகிற சாவி. ஊசி போட்டதும் நம் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள், அந்தச் சாவியின் பல்லில் அப்பிய மெழுகு. மெழுகு அப்பினால் சாவி நுழையாது. ஒருவர் ரத்தத்தில் போதுமான மெழுகு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் சோதனை.

ரத்தத்திலிருந்து தெளிந்த சீரத்தை மட்டும் எடுத்து, படிப்படியாக நீர்க்க வைக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் அளந்து வைத்த உயிருள்ள வைரஸைக் கலந்து ஒன்றரை மணி நேரம் இதமான சூட்டில் வைக்கிறார்கள். பிறகு செல்களைச் சேர்க்கிறார்கள். சுமார் 20 மணி நேரம் கழித்து அசிட்டோனில் கழுவி, பச்சைச் சாயம் போட்டு, இருட்டறையில் மைக்ராஸ்கோப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு குழியிலும் 20 இடம் எண்ண வேண்டும். எல்லா இடத்திலும் பச்சை என்றால் ரத்தத்தில் காவலே இல்லை. இருட்டாக இருந்தால் காவல் பலம். எந்தப் படியில் சரிபாதி இடம் பச்சையாகிறதோ, அதை பலம் தெரிந்த ஒரு சீரத்தோடு ஒப்பிட்டு மார்க் போடுகிறார்கள். மில்லிக்கு 0.5 சர்வதேச யூனிட் வந்தால் பாஸ்!

"பக்கத்திலேயே சும்மா செல், வைரஸ் மட்டும் போட்ட செல், பலம் தெரிஞ்ச சீரம் போட்ட செல், மூணும் இருக்கணும். சும்மா செல்லு பச்சையாத் தெரிஞ்சாலோ, வைரஸ் போட்டது பச்சையாகலைன்னாலோ அன்னிக்கு வேலை மொத்தமும் தள்ளுபடி. ஐயாவோட மத்த சாவி மாதிரி!"

1973-ல் இந்த முறை வருவதற்கு முன்னால், இதே கேள்விக்கு எலிகள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கலவையை ஒரு கூட்டம் எலிகளின் மூளையில் போட்டு, எத்தனை சாகின்றன என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அதற்காக பாட்டிலே எல்லாம் சொல்லிவிடும் என்று இல்லை. "பாட்டில்ல ஈரல் கிடையாது, ஜுரம் வராது. மருந்தோட வீரியத்தை அளக்க எலி இன்னும் முழுசா ஓய்வு வாங்கலை. செல்லை வளர்க்கிற தண்ணிக்கே கன்னுக்குட்டி சீரம் கலக்கிறோம்" என்று ஒளிக்காமல் சொன்னான்.

"அப்போ என் ரத்தத்தையும் பார்த்துச் சொல்லேன்!"

"உனக்கு எதுக்கு? ஒழுங்கா ஊசி போட்டுக்கிட்ட எத்தனையோ பேர் ரத்தத்தை இப்படிப் பார்த்துத்தான் உன் அட்டையில 0, 3, 7, 28-ன்னு எழுதியிருக்கு. எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கும், எங்களை மாதிரி வைரஸோட குடித்தனம் நடத்துறவங்களுக்கும்தான் இந்தச் சோதனை." கொஞ்சம் நிறுத்தினான். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை என் ரத்தமும் அதே தட்டுக்குப் போகும். எண்ணிப் பார்த்துச் சொல்ற வரைக்கும் எனக்கும் தூக்கம் வராது மாப்ளே."

பெரியவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார். பிறகு, "கல்யாண வீட்டுக்கு நேரமாகலையா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மூன்று வாரம் வேலை என்னைச் சமவெளி முழுக்கச் சுற்ற வைத்தது. நிலக்கோட்டையில் மல்லிகை மூட்டை, ஒட்டன்சத்திரத்தில் மலைமலையாகக் காய்கறி, சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை. ஹைதர் அலியின் சகோதரி பெயரைத் தாங்கி நிற்கும் பேகம்பூர். போன இடமெல்லாம் என் காலைப் பார்த்து ஆளுக்கொரு வைத்தியம். "கறி தின்னா விஷம் ஏறும்" என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பிரியாணி கூடாதா! டாக்டரிடம் போய் நின்றேன். "எந்தப் பத்தியமும் இல்லை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் நீடூழி வாழ வேண்டும். 1957-ல் தலைப்பாகை கட்டிய நாகசாமி நாயுடு ஆரம்பித்து ஊருக்கே அடையாளமான அந்தச் சீரகச் சம்பா பிரியாணியை அன்றைக்கே ஒரு பிடி பிடித்தேன்.

26-ஆம் நாள் ஆடிட் முடிந்தது. மேனேஜர் போன் செய்தார். "இன்னிக்கு ராத்திரியே கிளம்பிடுங்க. ஊசிதானே? எங்கே போட்டாலும் ஊசிதான்."

நியாயமான பேச்சுதான். கால் ஆறிவிட்டது. மூன்று ஊசி ஆகிவிட்டது. ஆனால் என்னை எனக்குத் தெரியும். ஊருக்குப் போனால் "நாளைக்கு", "அடுத்த திங்கள்" என்று தள்ளிக்கொண்டே போவேன். மாவு மில் அண்ணனும் அப்படித்தான் ஐந்தோடு நிறுத்தினார். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன்.

28-ஆம் நாள் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பையன். எட்டு வயசு இருக்கும். கையில் புது அட்டை. வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். "தொப்புள்ல பதினாலு ஊசின்னு இவன் பாட்டி சொல்லிட்டாங்க" என்றாள் அம்மா.

சட்டைக் கையை மடித்து அவனிடம் காட்டினேன். "எங்கே, ஊசி போட்ட இடத்தைக் கண்டுபிடி பார்ப்போம்?"

உற்று உற்றுப் பார்த்தான். கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே போய், கத்தாமல் வெளியே வந்து, ஜெயித்தவன் மாதிரி என்னைப் பார்த்தான்.

நாலாவது ஊசியை முடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். டீக்கடை திறந்திருந்தது.

"என்ன சார், கால் எப்படி இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"அது இருக்கட்டும். அந்த நாய் என்னாச்சுங்க?"

"செவலையா? கல்யாணத்துக்குப் போறப்ப சோறு போட ஆளில்லைன்னு கொய்யாத் தோட்டத்துக்கு வண்டியில ஏத்திட்டுப் போயிட்டேன். அங்கேயே காவலுக்கு நின்னுடுச்சு. சும்மா கும்முன்னு இருக்கு சார். யாரோ தினமும் பன் போட்டுப் பழக்கியிருக்காங்க, சோத்தைத் தொட மாட்டேங்குது!"

நாலு ஊசியும் வீணா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பெட்டிக்குள்ளே, பட்டறைப் பெரியவரிடம் வாங்கிய பூட்டு கனத்தது. திருடன் வரவில்லை என்பதற்காகப் பூட்டைக் குறை சொல்பவர் உண்டா?

கடைக்காரரிடம் ஒரு புது சோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அவருக்குப் பாக்கி இருந்தது அது ஒன்றுதான்.